இரண்டாம் நாள் பஸ்

நிற்கிற பஸ்ஸில் என்னால் உட்கார முடியாது. போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அந்தச் சனியன் என்னை விடவில்லை. வண்டி கிளம்ப நேரமிருந்தால் இறங்கி ஒரு சுற்று சுற்றி, போர்டைப் பார்த்து, டிரைவர் டீ குடித்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவேன். என் மனைவி கேட்பாள், ஊரில் ஓடுகிற பஸ்ஸெல்லாம் உங்கள் அப்பன் வீட்டு பஸ்ஸா என்று. என் அப்பன் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது.

போக்குவரத்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நடக்கும் பயிற்சியில் நாலு வார்த்தை பேச என்னைப் போன மாதம் கூப்பிட்டார்கள். பொன்னாடை போடவும் போட்டோ எடுக்கவும்தான் நேரம் சரியாக இருந்தது. பேச வந்ததைப் பேசாமல் வீடு திரும்பினால் எனக்குத் தூக்கம் வருமா? அதனால் எழுதுகிறேன். அட்டவணை போடுவது எப்படி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகச் செய்யும். ஒரே ஒரு நிறுத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இது 2007 வாக்கில் நடந்தது. நான் அப்போது சூப்பர்வைசர். வீடு சிதம்பரத்தில், ஆபீஸ் கடலூரில். காலை ஏழு மணிக்குச் சிதம்பரத்தில் புறப்பட்டுக் கடலூர் போகும் வண்டி ஒன்று உண்டு. கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று கடலூரில் வேலை பார்க்கிறவர்களின் வண்டி அது. வழியில் மணல்தோப்பு கூட்டுரோடு. உள்ளே தள்ளியிருக்கும் நாலைந்து ஊர்களின் சாலைகள் அங்கே வந்துதான் மெயின் ரோட்டில் சேரும். அந்த ஊர்க்காரர்கள் சைக்கிளிலும் டிவிஎஸ் ஃபிஃப்டியிலும் கூட்டுரோடு வரை வந்து, அங்கே ஒரு தகரக் கொட்டகையில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். சாயங்காலம் வந்து இறங்கி வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். நகரங்களில் இப்போது இதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்துக் கட்டடம் கட்டுகிறார்கள். மணல்தோப்பில் அதன் பெயர் ஸ்டாண்டு, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கூட்டுரோட்டில் பஸ் நிற்க வேண்டும் என்று எந்தக் காலத்திலும் உத்தரவு கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு டிரைவர் யாரோ கை காட்டினார்கள் என்று நிறுத்தியிருக்கிறார். அடுத்தவரும் நிறுத்தினார். நிற்கிறதே என்று ஒருவர் கொட்டகை போட்டார். கொட்டகை இருக்கிறதே என்று ஜனங்கள் வண்டி வாங்கினார்கள். வண்டி இருக்கிறதே என்று பெண்கள் கடலூரில் வேலை தேடிக்கொண்டார்கள். இத்தனையும் உத்தரவில்லாத ஒரு பிரேக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஏழு மணி வண்டியை எக்ஸ்பிரஸ் ஆக்கினார்கள். அதாவது, நிறுத்தங்களைக் குறைத்தார்கள். மணல்தோப்பை யாரும் வேண்டுமென்று வெட்டவில்லை. இல்லாத நிறுத்தத்தை எப்படி வெட்டுவது? டிரைவரிடம் பட்டியலில் உள்ள இடத்தில் மட்டும் நிறுத்து என்றார்கள், அவரும் சரியென்று போய்விட்டார். அடுத்த பஸ் ஊருக்குள்ளெல்லாம் புகுந்து சுற்றி வரும் சாதா வண்டி. அதில் வந்தால் எந்த ஆபீஸுக்கும் நேரத்துக்குப் போக முடியாது. சாயங்காலமும் அதே கதை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்து வந்தார்கள்.

மனு கொடுத்தார்கள். பதில் போகவில்லை. ஒரு நாள் காலை பஸ்ஸைச் சிறைபிடித்துவிட்டார்கள்.

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது. என் மனைவியின் தம்பி, புது பைக் வாங்கிய கையோடு அக்காவிடம் காட்ட வந்து தங்கியிருந்தான். ஹேண்டில் பாரில் போட்டிருந்த மாலைகூட முழுசாக வாடவில்லை. "மச்சான், சாவிய குடு, இதோ வந்துடறேன்" என்று வாங்கிக்கொண்டு பறந்தேன். அந்த "இதோ" எவ்வளவு நீளம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சிறைபிடிப்பு என்றால் நீங்கள் பேப்பரில் படிக்கிற மாதிரி கல்லும் கட்டையும் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரையும் கண்டக்டரையும் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். டிரைவர் எனக்கு வணக்கம் வைக்கக்கூட முடியாமல் கையில் பன்னோடு எழுந்து நின்றார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்தான் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாகப் போக வேண்டியவர்களை ஊர் இளைஞர்கள் ஸ்டாண்டிலிருந்து தங்கள் வண்டிகளை எடுத்து, பின்னால் ஏற்றி, அடுத்த ஊர் வரை கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை மறித்தவர்களே பயணிகளை ஏற்றிப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பிலோமினா என்கிற அம்மா. நாற்பது வயதிருக்கும். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வார்டு பார்க்கிற வேலை. வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான். பஸ் நிற்காமல் போன நாளிலிருந்து தினமும் தாமதம். இன்னொரு நாள் தாமதமாக வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு பஸ்ஸை மறித்து உட்கார்ந்திருப்பதாலேயே அன்றைக்கும் தாமதம் ஆகிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. என்னிடம் பேசிக்கொண்டே சூரியனைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். என்னை மாதிரியே இருப்புக்கொள்ளாத ஜென்மம்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான். என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், நாளையிலிருந்து நிற்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள், நாளைய கதையை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கும். சொன்னவன் போய்விடுவான். மறுநாள் பஸ் நிற்காது.

வேறொரு ஊரில் என் கூட்டாளி ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்து அதே ஊரில் பஸ் கண்ணாடி உடைந்தது. கண்ணாடித் தூள் கண்டக்டர் கண்ணில் போனது. பொய் சொன்னவர் அந்நேரம் ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டில் நீங்கள் சொல்லும் பொய்க்கு அடி வாங்குகிறவன் நாளைக்கு டூட்டிக்கு வருகிற டிரைவரும் கண்டக்டரும்தான். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதனாலேயே அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

நிற்கும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. நிற்காது என்று சொன்னால் பஸ் நகராது. பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை வேறு விடாமல் அழுதுகொண்டிருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நிறுத்தம் வாங்கித் தர என்னால் ஆனதைச் செய்கிறேன், எத்தனை நாளாகும் என்று தெரியாது, இப்போது பஸ்ஸை விடுங்கள், வேண்டுமானால் நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். பெரிய தியாகம் செய்வதாக எனக்கு நினைப்பு.

பிலோமினா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்கள வெச்சிக்கிட்டு நாங்க என்னா சார் பண்றது? ஒங்க மேல ஏறி கடலூரு போவ முடியுமா?"

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். பிலோமினாவின் பார்வை என் பின்னால் நின்ற பைக்குக்குப் போனது.

"நீங்க ஆபீசுக்குப் போங்க சார். வண்டி இங்க இருக்கட்டும். நாங்க தெனமும் ஸ்டாண்டுல வண்டிய போட்டுட்டுப் போறோம்ல, அதுமாதிரி போட்டுட்டுப் போங்க. பஸ்சு நின்னா வந்து எடுத்துக்குங்க."

அது மச்சானுடைய வண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஸ்டாண்டுக்காரர் பைக்கை உருட்டிக்கொண்டு போய்க் கொட்டகையின் கடைசி வரிசையில், சுவரோரம் நிறுத்தினார். சாவி பிலோமினா கையில். மூன்றாவது நிமிஷம் பஸ் கிளம்பிவிட்டது. பிலோமினாவும் அதில்தான் ஏறினார், நானும் அதில்தான் ஏறினேன். கடலூர் வரை அவர் உட்காரவில்லை. படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைத் தானே தள்ளுகிற மாதிரி முன்னால் சாய்ந்துகொண்டே வந்தார்.

அதற்கப்புறம் நான் பட்டது இருக்கிறதே! வீட்டுக்குப் போனால் மச்சான் வாசலில் நிற்கிறான். "மாமா, பைக் எங்க மாமா?" சிறைபிடித்துவிட்டார்கள் என்றேன். பஸ்ஸைத்தானே சிறைபிடிப்பார்கள் என்றான். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய கொடுமை காலையில். என் வண்டி மெக்கானிக் கையிலிருந்து வந்தபாடில்லை. ஆபீஸுக்கு அதே ஏழு மணி பஸ்ஸில்தான் போக வேண்டும். மணல்தோப்பு நெருங்கும்போதே ஜன்னலைவிட்டு உள்ளே நகர்ந்துகொள்வேன். ரோட்டோரம் அவர்கள் நிற்பார்கள், சாதா வண்டிக்குக் காத்துக்கொண்டு. பிலோமினா பஸ் ஜன்னல்களில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கையைத் தூக்கி அந்தச் சாவியைக் காட்டுவார். திட்ட மாட்டார், கத்த மாட்டார். சாவியை மட்டும் காட்டுவார். பஸ் நிற்காமல் தாண்டிப் போகும். ஒருநாள் அவர்கள் கண்ணில் படாமலிருக்க அந்தப் பக்க ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். அப்போதும் சாவி உயர்ந்ததை எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த டிரைவர் தங்கமான மனிதர். பன்னும் டீயும் சாப்பிட்ட நன்றி வேறு. ஒருநாள் கியரை மாற்றிக்கொண்டே, "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார், நான் நிறுத்திப்புடறேன்" என்றார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே சாவியின் தொல்லை தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. ஏனென்றால், வாயால் சொன்னதை வாயாலேயே இல்லையென்று விடலாம். செக்கிங் வந்து, இங்கே ஏன் நிறுத்தினாய் என்று கேட்டு மெமோ கொடுத்தால், அதை வாங்குகிறவர் அவர். அப்போது நான் சொன்னேன் என்று நிற்க எனக்குத் தைரியம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தைரியத்தை நம்பி ஒருவர் தன் வேலையைப் பணயம் வைக்கக் கூடாது. உத்தரவு வேண்டும்.

உத்தரவுக்காக நான் யார் யார் அறைக்கு நடந்தேன், நேரக் கணக்கை எங்கே இழுத்து எங்கே சரிக்கட்டினேன் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கும் அலுக்கும், எனக்கும் ரத்தக்கொதிப்பு ஏறும். மேலதிகாரி சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஒரு கூட்டுரோட்டுக்குக் கொடுத்தால் எல்லாக் கூட்டுரோட்டுக்காரனும் ரோட்டில் உட்காருவான் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மணல்தோப்பில் ஸ்டாண்டு இருக்கிறது, மற்ற இடங்களில் இல்லை என்றேன். ஸ்டாண்டுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். வீட்டு வாசலில் இருந்து நம் பயணிகளை யார் கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன். நாம் விடாத மினி பஸ்ஸின் வேலையை அந்தக் கொட்டகை செய்கிறது, நாம் அதன் வாசலில் நிற்காமல் போகிறோம் என்றேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தியும்விட்டேன். அவர் பைலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் ஒருநாள் காலை ரோட்டோரம் பிலோமினா இல்லை. எல்லோரும் நிற்கிறார்கள், அவர் மட்டும் இல்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் நின்றார், சாவியைக் காட்டினார். எனக்கு உயிர் வந்தது. வேலைக்குப் போகிற பை மட்டும் கையில் இல்லாததை நான் கவனித்தேன். கவனித்தும் அதைப்பற்றி நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

உத்தரவு வந்தது. ஏழு மணி வண்டி காலையில் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் மணல்தோப்பு கூட்டுரோட்டில் நிற்கும். டெப்போ போர்டில் ஒட்டினார்கள். அதே டிரைவர், மறுநாள் காலை ஸ்டாண்டு வாசலிலேயே, ஒரு அடி முன்னே பின்னே இல்லாமல் நிறுத்தினார். ஜனங்கள் ஏறினார்கள். நான் இறங்கினேன், பிலோமினாவிடம் கையை நீட்டினேன். முகமெல்லாம் சிரிப்பு எனக்கு.

அவர் சாவியைக் கொடுக்கவில்லை.

"நின்னுடிச்சி சார். சந்தோசம். நாளைக்கும் நிக்கட்டும், அப்பறம் எடுத்துக்குங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்த உத்தரவுக்காக நான் யாரிடமெல்லாம் பேச்சு வாங்கினேன் தெரியுமா என்று கத்திவிட்டேன். உத்தரவு என்று வந்துவிட்டால் இன்றைக்கும் ஒன்றுதான், நாளைக்கும் ஒன்றுதான் என்றேன். நான் கத்தி முடிக்கும் வரை அவர் பொறுமையாக இருந்தார். நீங்கள் ஏன் பஸ்ஸில் ஏறவில்லை என்று அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள் என்றார். அவரை ரோட்டோரம் காணாத அந்த நாளுக்கு முந்தின நாளே வேலை நின்றுபோயிருக்கிறது. கணக்கு முடித்து வாங்கிக்கொண்டு, நடந்தே பாதி வழி வந்ததாகச் சொன்னார்.

உத்தரவு கொஞ்ச நாள் முன்னாடி வந்திருந்தால் என்று என்னவோ ஆரம்பித்தேன். வேலையே போனபிறகு ஏன் தினமும் வந்து நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"வேல போனா வேற வேல தேட வாணாமா? அதுக்கும் இதே பஸ்சுலதான சார் போவணும்."

அடுத்த சாதா வண்டியில் ஏறி நின்றுகொண்டே கடலூர் போனேன். உட்கார இடமிருந்தது. உட்காரவில்லை.

மறுநாள் அதே ஏழு மணி பஸ். ஏறியதும் பார்த்தேன், டிரைவர் வேறு ஆள். கண்டக்டரும் வேறு. நம்முடைய ஆட்களுக்கு அன்று ஓய்வு. எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. போர்டில் ஒட்டியிருக்கிறதே என்று நிம்மதியாக, வாழ்க்கையில் அதிசயமாக, ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தேன். மணல்தோப்பு தெரிந்தது. கொட்டகை தெரிந்தது. ரோட்டோரம் ஜனம் பையும் கையுமாக முன்னால் வந்தது. பஸ் வேகம் குறைவதாக இல்லை. கொட்டகை பின்னால் போய்விட்டது.

எப்படி எழுந்தேன், எப்படி எஞ்சின் பக்கம் போனேன் என்று தெரியவில்லை. நிறுத்துய்யா, நிறுத்து என்று கத்தினேன். டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார். "இங்க ஸ்டாப்பிங் இல்லியே சார்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. வேறு ரூட்டில் ஓடுகிறவர், அன்று ஒருநாளைக்கு இதில் ஏற்றிவிட்டிருந்தார்கள். போர்டில் ஒட்டியிருந்ததை யார் போய் அவருக்குப் படித்துக் காட்டியது? யாரும் இல்லை. காட்டியிருக்க வேண்டிய ஆள் நான்தான்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் அவர்கள் ஓடி வந்தார்கள். சாப்பாட்டுக் கூடையோடு ஒரு பெண், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெண். எல்லோருக்கும் முன்னால் பிலோமினா. நல்ல புடவை கட்டியிருந்தார். நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் கவரை அணைத்திருந்தார். வேறொரு கிளினிக்கில் அன்று காலை ஆள் எடுக்கிறார்கள் என்று பிறகு சொன்னார். படியில் கைகொடுத்து ஏற்றிவிட்டேன். மூச்சு வாங்கியது அவருக்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

நேற்று நான் கத்தினதற்கெல்லாம் சேர்த்து இப்போது கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கட்டும், எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு, முன்னால் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த டிரைவரைக் காட்டி, மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு எந்த டிரைவரு சார்?"

எனக்குத் தெரியவில்லை. கடலூரில் இறங்கியதும் ஆபீஸுக்குப் போகாமல் நேராக டெப்போவுக்குப் போய் யார் என்று விசாரித்தேன், அவரைத் தேடிப் பிடித்து நேரில் சொன்னேன். சாயங்காலம் மணல்தோப்பில் இறங்கி, கடைசி வரிசையிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய் மச்சானிடம் ஒப்படைத்தேன். அன்று ராத்திரி என் வண்டியும் மெக்கானிக்கிடமிருந்து வந்து வாசலில் நின்றது. மறுநாள் காலை அதை அங்கேயே விட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன், மணல்தோப்பு வரும்வரை நின்றுகொண்டே போனேன்.